பத்தொன்பது பிள்ளைகளின் தகப்பன்

அத்தியாயம் 11

போன வாரம் விட்ட இடத்திலேயேதான் கீதா நிற்கிறாள். பள்ளிக்கூட அலுவலக வாசல். காதில் செல்போன். 'நீங்கள் அழைக்கும் எண் தற்போது அணைத்து வைக்கப்பட்டுள்ளது' என்று ஒரு பெண் சொல்வதை இதோடு பதினான்காவது முறையாகக் கேட்கிறாள். அந்தப் பெண்ணின் குரலில் இன்னும் சலிப்பு தட்டவில்லை.

நடுவில் ஒரு வாரம் போய்விட்டதால் கொஞ்சம் நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. கீதாவின் மகள் இளவேனில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். மாவட்டத்தில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்து, தங்கவைத்துச் சொல்லிக்கொடுக்கும் உறைவிடப் பள்ளி ஒன்றின் இரண்டாவது பட்டியலில் அவள் பெயர் வந்திருக்கிறது. தொண்டாமுத்தூருக்கு மேற்கே இருக்கும் இந்த அரசுப் பள்ளியிலிருந்து போன ஒரே பெயர். சேர இனி மார்க் வேண்டாம், சிபாரிசு வேண்டாம். பெற்றோர் 'சம்மதம்' என்று சொன்னால் போதும். இன்று, வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணிக்குள்.

ஆனால் வாயால் சொன்னால் செல்லாது. ஓ.டி.பி. வழியாகச் சொல்ல வேண்டும்.

பெற்றோரைப் பள்ளிக்கூடத்துக்குள் அழைத்து வருவதற்காக இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு செயலி வந்தது. பிள்ளை வந்தாளா, பரீட்சை எப்போது, கூட்டம் எப்போது, மதியச் சாப்பாட்டில் முட்டை இருந்ததா, எல்லாமே பெற்றோரின் செல்போனுக்கு வரும். பெற்றோர் பதில் அழுத்த வேண்டும். அழுத்த அழுத்தப் பள்ளியின் 'பெற்றோர் பங்கேற்பு' ஏறும். திட்டத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெற்றோர் யார் என்பதை மட்டும் செல்போன் எண்ணை வைத்து முடிவு செய்தார்கள்.

கீதாவும் அவள் கணவன் ரூபனும் அந்தியூர்ப் பக்கத்திலிருந்து இங்கே தேங்காய்க் களத்து வேலைக்கு வந்து ஐந்து வருடம் ஆகிறது. வந்த புதிதில் கையிலிருந்த சிம் வேலை செய்யவில்லை. பிறகு வாங்கிய சிம்களும் எந்தக் கம்பெனி ஆஃபர் போடுகிறதோ அந்தப் பக்கம் மாறிக்கொண்டே இருந்தன. அதனால் கேஸ் சிலிண்டருக்கு, ஆஸ்பத்திரிச் சீட்டுக்கு, பள்ளிக்கூடச் சேர்க்கைக்கு என்று எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்தார்கள். களத்து மேஸ்திரி ரங்கராஜின் எண். களத்தின் லைன் வீடுகளில் குடியிருக்கும் பதினொரு குடும்பமும் அதையேதான் கொடுத்தது. ஊர் மாறினாலும் மேஸ்திரி எண் மாறாது என்று நம்பினார்கள். மாறவும் இல்லை.

ஆக, அரசாங்கக் கம்ப்யூட்டரின்படி ரங்கராஜுக்குப் பிள்ளைகள் பத்தொன்பது பேர்.

பொறுப்பான தகப்பன். காலையில் டீ ஆறுவதற்குள் பத்தொன்பது பிள்ளைகளுக்கும் பதில் அழுத்தி முடித்துவிடுவார். எதைக் கேட்டாலும் முதலாவதாக இருக்கும் பதில்தான். முட்டை எப்படி இருந்தது? மிக நன்று. பிள்ளை வராததற்குக் காரணம்? காய்ச்சல். போன வருடம் ஆடி நோம்பித் திருவிழாவுக்குக் களத்துப் பிள்ளைகள் மொத்தமாக ஊருக்குப் போனார்கள். நான்கு நாளும் பத்தொன்பது பேருக்கும் காய்ச்சல் என்று பதிவானதில், சுகாதாரத் துறை ஜீப் வந்து களம் முழுக்கக் கொசு மருந்துப் புகை அடித்துவிட்டுப் போனது. கொப்பரையில் ஒரு வாரம் அந்த வாசனை இருந்தது.

பள்ளியின் பங்கேற்பு தொண்ணூற்றேழு சதவீதம். வட்டாரத்தில் முதலிடம். சான்றிதழைச் சட்டம் போட்டு அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். அதற்குக் கீழேதான் கீதா நிற்கிறாள்.

"எடுத்தாராக்கா?" வகுப்பாசிரியை யுவஸ்ரீ கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"இல்லீங் டீச்சர். அமத்தி வெச்சிருக்காரு."

"எங்கதான் போயிருக்கார்?"

"அந்தியூருங். குருநாதசாமி நோம்பிக்கு. குதிரை பாக்க."

"குதிரை வாங்கப் போறாரா?"

"வாங்க மாட்டாருங். வருசா வருசம் போயிப் பல்லைப் புடிச்சுப் பாத்துப்போட்டு வந்துருவாரு."

யுவஸ்ரீ மவுஸை இரண்டு தட்டுத் தட்டினாள். "உங்க நம்பரை மாத்திடலாம்னு பாத்தேன். மாத்தணும்னாலும் பழைய நம்பருக்குத்தான் ஓ.டி.பி. போகுது."

"பழைய நெம்பரு ஆகாதுன்னுதானுங்களே புது நெம்பரு கேக்கறோம்?"

"எனக்குப் புரியுதுக்கா. இதுக்குப் புரியலை." கம்ப்யூட்டரைக் காட்டினாள். இரண்டு பேரும் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். அது பதில் சொல்லவில்லை.

நேற்றுச் சாயங்காலம் இளவேனில் செய்தியோடும் பள்ளிக்கூடத்தில் கொடுத்த காகிதத்தோடும் வீட்டுக்கு ஓடி வந்தபோது, கீதா கையிலிருந்த மாவோடு மகளைக் கட்டிக்கொண்டாள். ரூபன் 'பாக்கலாம்' என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான். அரை மணி நேரம் குளித்தான். உடம்பெல்லாம் மட்டைத் தூசி, அதனால்தான் என்று கீதா எடுத்துக்கொண்டாள்.

பதினொரு மணிக்கு இடைவேளை மணி அடித்ததும் இளவேனில் அலுவலக வராந்தாவுக்கு வந்துவிட்டாள்.

"அம்மா, என்னாச்சு?"

"கெடைக்கலை கண்ணு. நீ கிளாசுக்குப் போ."

"அஞ்சு மணி வரைக்கும்தான் டைம்."

"தெரியுது. பிரவின் மாமனைத் தேடச் சொல்லியிருக்கறேன். அந்தியூர்லயேதான இருக்கறான். புடிச்சுருவான்."

"மாமாவா?" இளவேனில் சுவரில் சாய்ந்துகொண்டாள். "போன நோம்பிக்கு எங்களைக் கூட்டிட்டுப் போயி, எங்களையே தொலைச்சுப்போட்டு, தனியா ஊட்டுக்குப் போயிச் சாப்பிட்டுட்டுப் படுத்துருந்தாரே, அந்த மாமாவா?"

கீதாவுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"வெசனப்படாத. அம்மா இருக்கறேனில்ல."

இளவேனில் சுவரை விட்டு நிமிர்ந்தாள். பிறகு, "அம்மா, இங்கிருந்து அந்தியூருக்கு எத்தனை மணி நேரம்?" என்றாள்.

"நாலு மணி நேரம் ஆகும். எதுக்கு?"

"சும்மா."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பதினொன்று ஐந்து. அதோடு நாலைக் கூட்டுவதற்கு உறைவிடப் பள்ளி தேவையில்லை. கீதா அந்தப் பார்வையைக் கவனிக்கவில்லை. அவள் தம்பியின் அழைப்பை எடுத்துக்கொண்டிருந்தாள்.

தம்பி பிரவின்குமார் அந்தியூரில் ஆட்டோ ஓட்டுகிறவன். இன்று ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு மேஸ்திரி தேடுகிறான்.

"அக்கா, கூட்டம்னா கூட்டம் இங்க. எந்தப் பக்கம் திரும்புனாலும் குதிரை மூஞ்சியா இருக்குது. உங்க மேஸ்திரி பாக்க எப்படி இருப்பாரு?"

"வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. மீசை வெச்சிருப்பாரு."

"இங்க இருக்கற அத்தனை பேருமே அதுதானக்கா."

"கொஞ்சம் தொப்பை இருக்கும்டா."

"அதையும் சேத்துத்தான் சொல்றேன்."

பதினொன்றரைக்கு மாட்டுச் சந்தைப் பக்கம் தேடினான். பன்னிரண்டுக்கு, ராட்டினத்துப் பக்கம் ஒருவரைப் பிடித்துவிட்டதாகச் சொன்னான். அவர் பெயரும் ரங்கராஜ்தான், ஆனால் திருச்செங்கோடு. அவரும் மிகவும் மரியாதையாகக் கூடவே தேட வந்துவிட்டார். அதன்பிறகு இரண்டு பேர் தேடினார்கள்.

கீதாவுக்குச் சட்டென்று தோன்றியது அப்போதுதான்.

"டேய், நோம்பியில மைக்கு வெச்சிருப்பாங்கல்ல? தொலைஞ்ச புள்ளைங்களைச் சொல்லுவாங்களே, அதுல சொல்லச் சொல்லுடா."

"அது தொலைஞ்ச புள்ளைங்களுக்குக்கா. உங்க மேஸ்திரிக்கு அம்பது வயசாச்சு."

"புள்ளைங்கதான் தேடுதுன்னு சொல்லு. பொய்யா அது?"

பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி அடித்தது. பிள்ளைகள் தட்டை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். வராந்தா முழுக்க சாம்பார் வாசனை. இளவேனில் வருவாள் என்று கீதா எட்டிப் பார்த்தாள். வரவில்லை. சாப்பிடட்டும் என்று விட்டுவிட்டாள்.

பன்னிரண்டு ஐம்பதுக்குப் போன் வந்தது.

"அக்கா! சிக்கிட்டாரு! 'தொண்டாமுத்தூர் மேஸ்திரி ரங்கராஜ், பத்தொன்பது பிள்ளைகளின் தகப்பனார், எங்கிருந்தாலும் உடனே மேடைக்கு வரவும், பிள்ளைகள் தேடுகிறார்கள்'னு ஒரு தடவைதான் சொன்னாங்க. கூட்டமே திரும்பிப் பாத்துச்சு. சித்தெ இரு, அவர்கிட்டயே தாரேன்."

யுவஸ்ரீ எழுந்து வந்தாள். கீதா ஸ்பீக்கரில் போட்டாள். மூச்சு வாங்கும் குரல் ஒன்று வந்தது.

"ஏனுங்க அம்மணி, என்னுங்க இது அநியாயம்! எம்பட சம்சாரம் பக்கத்துலயே நின்னுட்டிருந்தா. பத்தொன்பதுன்னு மைக்குல சொல்லிப்போட்டாங்க. எங்களுக்கு ரெண்டே ரெண்டுங்க. அவ இப்ப எங்க போனான்னே தெரியலை."

"மன்னிச்சுக்கோங்க மேஸ்திரிண்ணா. வேற வழி தெரியலீங். நம்ம இளவேனிலுக்கு அந்த உறைவிடப் பள்ளியில எடம் வந்துருக்குது. உங்க போனுக்குத்தான் நெம்பரு வருமாம். போனைப் போடுங்க, டீச்சர் அனுப்புவாங்க."

அந்தப் பக்கம் நாதஸ்வரமும் குதிரைக் கனைப்பும் கொஞ்ச நேரம் கேட்டன.

"அதுங்களா? அது புதன்கிழமையே வந்துருச்சுங்களே அம்மணி. நோம்பிக்குக் கெளம்பறதுக்கு முன்னாலயே அமுத்திப்போட்டேனே."

யுவஸ்ரீயின் முகம் மலர்ந்தது. ரங்கராஜ் எப்போதும் முதல் பதிலைத்தான் அழுத்துவார் என்பது பள்ளி முழுக்கத் தெரியும். இந்தக் கேள்விக்கு முதல் பதில் 'சம்மதம்'. "அப்படியாங்க? அப்ப முடிஞ்சுதே! நான்தான் பாக்கலை போல." நாற்காலியில் உட்கார்ந்து இளவேனிலின் பக்கத்தைத் திறந்தாள். மலர்ந்த முகம் அப்படியே நின்றது.

"அண்ணா, இங்க 'சம்மதமில்லை'ன்னு இருக்கு."

"ஆமாங் டீச்சர். ரெண்டாவதைத்தான் அமுத்துனேன்." ரங்கராஜ் குரலைத் தாழ்த்தினார். "முட்டை, காய்ச்சல் எல்லாம் நானா அமுத்தறதுதானுங்க. இது பொட்டப்புள்ளையை வெளியூர் அனுப்பற காரியம். பெத்தவங்களைக் கேக்காம அமுத்தலாமுங்களா? களத்துல ரூபன்கிட்டப் போயிக் கேட்டேன். வேண்டாம்னு போட்டாரு. நாலு தடவை கேட்டேனுங்க. நாலு தடவையும் வேண்டாம்னுதான் சொன்னாரு."

இரண்டு வருடமாக யாரையும் கேட்காமல் அழுத்திக்கொண்டிருந்த மனிதர், ஒரே ஒருமுறை முறைப்படி கேட்டு அழுத்தியிருக்கிறார்.

 அலுவலக மின்விசிறி சான்றிதழை அசைத்துக்கொண்டிருந்தது.

"உங்களுக்குத் தெரியாதுங்களா அம்மணி?" என்றார் ரங்கராஜ். "ரெண்டு பேரும் பேசித்தான் சொல்றாருன்னு நெனச்சனே."

கீதா யுவஸ்ரீயைப் பார்த்தாள். "மாத்தலாமுங்களா டீச்சர்?"

"அஞ்சு மணி வரைக்கும் மாத்தலாம்க்கா. இப்பவே இவர் நம்பருக்கு அனுப்பட்டுமா?"

"அவரு வேண்டாம்னு சொன்னப்புறம் நான் எப்படிங்க அமுத்தறது?" என்றது போன். "நாளைக்கு ரூபன் மூஞ்சியில முழிக்கோணுமில்லீங்க?"

"நீங்க அமுத்த வேண்டாமுங்கண்ணா," என்றாள் கீதா. குரல் மிகவும் பணிவாக இருந்தது. கோபம் வந்தால் அவளுக்கு மரியாதை கூடும். "எம்பட நெம்பருக்கு மாத்திக் குடுத்துருங்க. அது போதுமுங்க. மத்ததை நான் பாத்துக்கறனுங்க."

ரங்கராஜ் அணைத்து வைத்திருந்த தன் போனைப் போட்டார். ஆறு எண்கள் வந்தன. ஒவ்வொன்றாக, கோயில் ஏலம் சொல்வதுபோல உரக்கச் சொன்னார். அங்கே மேடையில் மைக் இன்னும் அணைக்கப்படவில்லை என்பதால் அந்தியூர் முழுவதும் அதைக் கேட்டது. பத்தொன்பதில் ஒன்று குறைந்து, ரங்கராஜுக்குப் பதினெட்டுப் பிள்ளைகள் ஆனார்கள்.

"நானும் இப்பவே கெளம்பி வாரேனுங்க அம்மணி. எனக்கு மனசு கேக்கலை," என்று வைத்துவிட்டார்.

'புதிய எண் இரண்டு மணி நேரத்தில் நடைமுறைக்கு வரும்' என்றது திரை.

"மூணு மணிக்கு நான் இங்கிருந்து அனுப்பறேன்க்கா," என்றாள் யுவஸ்ரீ. "உங்க போனுக்கு ஆறு எண் வரும். பத்து நிமிஷத்துக்குள்ள எனக்கு போன் பண்ணிச் சொல்லிடுங்க. அதுக்குள்ள..." எப்படி முடிப்பது என்று தெரியாமல் நிறுத்தினாள். அவளுக்குக் கல்யாணம் ஆகி மூன்று மாதம்தான் ஆகிறது. "அதுக்குள்ள வீட்ல ஒரு வார்த்தை பேசிடுங்க."

களத்துக்கு நடந்தே வந்தாள் கீதா. இரண்டு கிலோமீட்டர்தான், ஆனால் நடுவில் ஒரு புளியமரத்தடியில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டாள். வழியில் என்ன யோசித்தாள் என்பதை விட, வந்து சேர்ந்தபோது ரூபனிடம் முதலில் சொன்னதைச் சொல்லிவிடலாம்.

"ஏனுங்க மாமா. வேலையைச் சித்தெ நிறுத்தறீங்களாங்க?"

ரூபன் நிமிர்ந்தான். ஒரு வாக்கியத்தில் இத்தனை 'ங்க' வந்தால் என்ன அர்த்தம் என்று பதினைந்து வருடமாக அவனுக்குத் தெரியும்.

களத்தில் தேங்காய் மலைபோலக் குவிந்து கிடந்தது. மண்ணில் நட்ட இரும்புப் பாரையில் தேங்காயைக் குத்தி, மூன்று திருகில் மட்டையை உரித்துப் போடுவான். தள்ளி, உடைத்த தேங்காய் மூடிகளை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்த பாப்பாயி இவர்களைப் பார்த்தாள். பாப்பாயி இந்த லைன் வீடுகளின் மூத்த குடி. வாய் சும்மா இருக்காது. இன்று அவளும் எழுந்து நிழல் பக்கம் போய்விட்டாள்.

"புதன்கிழமை மேஸ்திரி உங்களைக் கேட்டாருங்களா?"

ரூபன் அடுத்த தேங்காயை எடுத்தான். குத்தினான். ஒரு திருகு. "கேட்டாரு."

"என்னன்னு சொன்னீங்க?"

இரண்டாவது திருகு. "வேண்டாம்னேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லோணும்னு தோணலீங்களா? காத்தால எட்டரையில இருந்து அந்த ஆபீசு வாசல்ல நின்னு, ஊரெல்லாம் மைக்கு வெச்சுத் தேடி, கடைசியில எம்பட ஊட்டுச் சேதியை ஒரு போனு எனக்குச் சொல்லுதுங்க. டீச்சர் முன்னால."

மூன்றாவது திருகு வரவில்லை. தேங்காய் பாரையிலேயே நின்றது.

"அந்தக் காயிதத்தைப் படிச்சியா?" என்றான் ரூபன்.

"எந்தக் காயிதம்?"

"புள்ளை கொண்டாந்துச்சே. மேஸ்திரி போன்லயும் அன்னைக்கே அதேதான் இருந்துச்சு. ஆறாவதா போட்டிருக்குது. மாசா மாசம் மொதச் சனிக்கெழமை அப்பனோ ஆத்தாளோ நேர்ல வரோணும். புள்ளையோட சேந்து உக்காரோணும். வந்தவங்க, வராதவங்க எல்லாம் அந்தப் புள்ளை பேருல பதிவாகும்."

"அதுக்கென்னங்க? போவோம்."

"எங்கிருந்து போவே?" முதல்முறையாகக் குரல் உயர்ந்தது. "தை பொறந்தா இந்தக் களத்துல வேலை இருக்குதோ இல்லையோ. போன வருசம் நாலு மாசம் பாலக்காட்டுப் பக்கம் போனோம். அதுக்கு முந்தி உடுமலை. சனிக்கெழமைன்னா லோடு ஏத்தற நாளு. யாரு உடுவா உன்னைய?"

"கேட்டுட்டுப் போவோமுங்க."

"நான் ஏளாவதோட நின்னதுக்கு என்ன காரணம்னு உங்கிட்டச் சொல்லியிருக்கறேன்?"

"படிப்பு ஏறலைன்னு சொன்னீங்க."

"ஏறுச்சு."

கீதா அவனைப் பார்த்தாள்.

"ஹாஸ்டல்ல இருந்தேன். மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழமை பெத்தவங்க வருவாங்க. எங்கப்பன், ஆத்தா ரெண்டு பேரும் கரும்பு வெட்டப் போயிருந்தாங்க. எந்த ஊருன்னே தெரியாது. வார்டன் நல்ல மனுசன். அதுதான் கெட்டுப்போச்சு. யாரும் வராத பசங்களைத் தனியா ஒரு பந்தியில உக்கார வெச்சு, அன்னைக்கு மட்டும் ஆளுக்கு ரெண்டு முட்டை குடுப்பாரு. மத்த பசங்களுக்கு ஒண்ணு. ரெண்டு முட்டை வாங்கறவன் யாருன்னு ஹாஸ்டலுக்கே தெரியும். எட்டு மாசம் வாங்குனேன். ஒம்பதாவது மாசம் செவுரேறிக் குதிச்சு வந்துட்டேன்."

பாரையிலிருந்த தேங்காயைக் கையால் பிடுங்கி, உரிக்காமலேயே குவியலில் போட்டான்.

பதினைந்து வருடமாக அந்த வீட்டில் ரூபனுக்கு முட்டை வைப்பதில்லை. வாயு என்று சொல்லியிருந்தான். கீதா அதை நம்பி அவனுக்கு மட்டும் தனியாக ரசம் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இது நமக்கு அமையாது கீதா. பெத்தவங்க வரோணும், வரோணும்னு இப்ப இன்னும் ஜாஸ்தியாக் கேக்கறாங்க. அவங்களுக்கு ஊடும் தோட்டமும் ஒரே எடத்துல இருக்கறவங்க கணக்கு. எம்பட புள்ளை கேட்டைப் பாத்துட்டு உக்காந்திருக்கக் கூடாது. அவ்வளவுதான்."

கீதாவுக்கு இருந்த கோபம் போய்விட்டதா என்றால் போகவில்லை. போவதற்கு இடம் தெரியாமல் அங்கேயே நின்றது.

"உங்கப்பாரு வர முடியாமப் போனாரு," என்றாள் கடைசியில். "நீங்க வர மாட்டேன்னு இப்பவே எழுதிக் குடுத்துட்டீங்க. ரெண்டும் ஒண்ணாங்க?"

ரூபன் குவியலில் போட்ட தேங்காயைத் திரும்பக் கையில் எடுத்தான்.

"அவ கேட்டைப் பாத்துட்டுத்தான் உக்காந்திருப்பா. ஆறு மாசம் நாம போக முடியாது. ஏளாவது மாசம் போவோம். நான் போவேன். லோடு என்ன, லாரியே போனாலும் போவேன். அதை அவகிட்டச் சொல்லி அனுப்பலாம். 'வேண்டாம்'னு ஒரு போனு மேல பாரத்தைப் போட்டா, அவளுக்கு நாளைக்கு யாரு காரணம் சொல்லுவா? அவளும் இன்னொருத்தன்கிட்டப் போயி படிப்பு ஏறலைன்னு சொல்லட்டுமா?"

கையிலிருந்த செல்போன் அதிர்ந்தது. மணி இரண்டு ஐம்பத்தெட்டு. ஆறு எண்கள்.

கீதா யுவஸ்ரீயின் எண்ணை அழுத்தினாள். மணி போகும்போதே போனை ரூபனிடம் நீட்டினாள்.

"நீங்களே சொல்லுங்க மாமா."

"நீயே சொல்லு."

"வேண்டாம்னு சொன்னது நீங்க. வேணும்னும் நீங்கதான் சொல்லோணும். பத்து நிமிசம்தான் இருக்குதுங்க."

மேஸ்திரி நாலு தடவை கேட்டிருந்தார். கீதா ஒரு தடவைதான் கேட்டாள். ரூபன் லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினான். மறுமுனையில் டீச்சர், "அக்கா? வந்துதா?" என்றாள்.

"நான் இளவேனிலோட அப்பனுங்க," என்றான். இந்த ஐந்து வருடத்தில் அவன் பள்ளிக்கூடத்திடம் பேசிய முதல் வாக்கியம் அதுதான். "நெம்பரு சொல்றேனுங்க. எழுதிக்கோங்க."

நாள் முழுக்கத் தேங்காய் எண்ணுகிறவன். எண் தப்பாது. ஆறையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னான். 

"ஆயிடுச்சுங்கண்ணா," என்றாள் யுவஸ்ரீ. "பச்சை வந்துடுச்சு. சம்மதம்னு ஏறிடுச்சு! இப்பதான் வேற கிளாஸ்ல ரெண்டு பீரியட் முடிச்சுட்டு ஆபீசுக்கு வந்தேன். இருங்க, இளவேனிலைக் கூப்பிட்டு நானே சொல்றேன்."

நிழலில் இருந்த பாப்பாயி, "ஏன்டா ரூபா, முடிஞ்சுதா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

போன் மறுபடி அதிர்ந்தது. ரூபன் அதைக் கீதாவிடம் கொடுத்தான்.

இத்தனை வருடத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து கீதாவுக்கென்று வந்த முதல் செய்தி. மேலே பள்ளியின் பெயர், அதற்குக் கீழே மகளின் பெயர். அதைப் பார்த்ததும் அவளுக்குச் சின்னப் பெருமைகூட வந்தது. அடுத்த வரியைப் படிக்கும் வரைக்கும் அது இருந்தது.

'அன்பார்ந்த பெற்றோரே, தங்கள் மகள் இளவேனில் இன்று பிற்பகல் வகுப்புக்கு வரவில்லை.'

"டீச்சர்?" என்றாள் கீதா. லைன் இன்னும் அறுந்திருக்கவில்லை. "டீச்சர், புள்ளை அங்கதானுங்களே இருக்குது?"

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம். யாரையோ கூப்பிடும் சத்தம். ஒரு பெண் பிள்ளையின் அழுகை. யுவஸ்ரீ திரும்ப வந்தபோது குரல் மாறியிருந்தது.

"அக்கா... மத்தியானம் சாப்பாட்டு மணி அடிச்சதும் போயிருக்கா. லைன் வீட்டுப் பிள்ளைங்க சில நாள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவாங்கல்ல, அப்படின்னு நெனச்சு கேட்ல யாரும் கேக்கலை. பக்கத்துல உக்கார்ற ரித்திகாகிட்ட மட்டும் சொல்லிட்டுப் போயிருக்கா. 'மாமா தேடிப் பிடிக்க மாட்டாரு. மேஸ்திரியை நானே பிடிச்சு, அவர் போன்லயே சம்மதம் அமுத்த வெச்சுட்டு வாரேன். அஞ்சு மணிக்கு முன்னாடி போயிடுவேன்'னு..."

சாப்பாட்டு மணி பன்னிரண்டரைக்கு. மேஸ்திரி சிக்கியது பன்னிரண்டு ஐம்பதுக்கு.

காந்திபுரம் பஸ் ஸ்டாண்டு வரை டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. அங்கிருந்து அந்தியூர்ப் பக்கம் போகும் பஸ்ஸில் உண்டு. பதினான்கு வயது. யூனிஃபார்ம். கையில் போன் இல்லை. கீதா தம்பிக்கு அடித்தாள். 'நீங்கள் அழைக்கும் எண்' என்று காலையில் பேசிய அதே பெண், அதே குரலில் ஆரம்பித்தாள். காலையிலிருந்து பேசிப் பேசிப் பிரவின்குமாரின் போனில் சார்ஜ் தீர்ந்திருக்கும்.

ரங்கராஜுக்கு அடித்தாள். முதல் மணியிலேயே எடுத்தார்.

"வந்துட்டே இருக்கேனுங்க அம்மணி! கோபியெல்லாம் எப்பவோ தாண்டியாச்சு. இன்னும் ஒண்ணரை மணி நேரத்துல களத்துல இருப்பேன்!"

எதிரே வந்த ஏதாவது ஒரு பஸ்ஸின் ஜன்னலில் அவரைத் தேடிப் போகிறவள் உட்கார்ந்திருந்திருப்பாள். அவர் பார்த்திருக்க மாட்டார்.

ரூபன் அதற்குள் பாப்பாயி மகனின் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டான். செருப்புகூடப் போடவில்லை. இரண்டு உதை உதைத்தான். மூன்றாவதில் கிளம்பியது.

"ஏறு," என்றான்.

கீதா ஏறினாள். செல்போன் அவள் கையில் மறுபடி அதிர்ந்தது.

'வராததற்கான காரணத்தைத் தேர்ந்தெடுக்கவும். ஒன்று, காய்ச்சல். இரண்டு, குடும்ப விசேஷம். மூன்று, பெற்றோருடன் வெளியூர்ப் பயணம். பதிலளிக்க முப்பது நிமிடம்.'

மூன்றாவதில் பாதி உண்மை இருந்தது. பைக் களத்து மண்ணைக் கிளப்பிக்கொண்டு ரோட்டில் ஏறியது. நான்காவதாக ஏதாவது இருக்குமா என்று கீதா திரையை விரலால் மேலே தள்ளிக்கொண்டே இருந்தாள்.